ஏரிப் பறவை பார்க்க எந்த பைனாகுலர்?

கடையில் பைனாகுலர் கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்து நீட்டுவது 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 20×50. "நிலாவுல இருக்குற பள்ளமே தெரியும் சார்" என்பார்கள். தெரியட்டும், ஏரிக்கு அது உதவாது.

காவேரிப்பாக்கம் ஏரியிலோ சதுப்பேரியிலோ வாத்துக் கூட்டம் கரையை விட்டு நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளித்தான் மிதக்கும். 150 மீட்டரில் இருப்பது 8 மடங்கில் 19 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனி மஞ்சளும், ஆண் நீலச்சிறகியின் வெள்ளைப் புருவக்கோடும் பிடிபட அதுவே போதும். 20 மடங்கில் கை நடுக்கமும் 20 மடங்கு. நம்மூர் வெயிலில் காலை ஒன்பதைத் தாண்டினாலே தண்ணீர் மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். பெரிதாக்கினால் கானலும்தான் பெரிதாகும்.

ஆகவே 8×42, அல்லது 8×32. முதல் எண் மடங்கு, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 42க்கு 5.25 மி.மீ., 32க்கு 4 மி.மீ. விடியலில் போகிறவர் 42 வாங்கலாம். அது ஏறக்குறைய 650 கிராம் இருக்கும். கரையோரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பவருக்கு 500 கிராமை ஒட்டிய 32 நல்லது. கழுத்து வலித்து வீட்டில் வைத்துவிட்டுப் போகிற கருவியால் யாருக்கு லாபம்? ஜூம் வைத்ததையும், சிவப்பாக மின்னும் லென்ஸையும் தொடவே வேண்டாம்.

காசு கொடுக்கும் முன் கடை வாசலுக்கு எடுத்து வாருங்கள். கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் மலிவானது. அடுத்து, தூரத்து மின்கம்பத்தை நிதானமாக ஒரு நிமிடம் பாருங்கள். கம்பம் இரண்டாகத் தெரிந்தாலோ, கண் இழுத்தாலோ இரு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கீழே விழுந்த கருவிக்கு வரும் கோளாறு இது, வீட்டில் சரிசெய்ய முடியாது. கண்ணாடி போடுபவர் 'ஐ ரிலீஃப்' (முழுக் காட்சியும் தெரிய, கண் லென்ஸிலிருந்து தள்ளி இருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும். குறைந்தால் காட்சியின் ஓரம் மறைந்துவிடும்.

"ஒரு கண்ணுக்கு மங்கலா இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் பல, சரியாக அமைக்காதவைதான். வலது லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதற்குப் பிறகு அந்த வளையத்தைத் தொட வேண்டியதில்லை.

காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். யாராவது வலையோ கண்ணியோ வைத்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலைபோல் படரும். நைட்ரஜன் நிரப்பியதானால் ஆபத்து குறைவு. எதுவானாலும் தோல் உறையில் பூட்டி வைக்காமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள். லென்ஸைத் துடைக்கும் முன் தூசியை ஊதித் தள்ளுங்கள். வேட்டி நுனியால் தேய்த்தால் மேல்பூச்சு கீறிவிடும்.