கள்ள வோட்டு இல்லாமல் வலைப்பதிவுப் போட்டி நடத்துவது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளைகளுக்கு வலைப்பதிவுப் போட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் வாக்களிப்பைச் சரியாக அமையுங்கள். போன முறை நாங்கள் ஒரு இலவசத் தளத்தில் ‘ஒரு ஐபி முகவரிக்கு (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரு வாக்கு’ என்று வைத்தோம். மாங்குளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கொம்பியூட்டர் அறையில் முதல் பிள்ளையின் வாக்கு மட்டும்தான் ஏறியது, மற்ற எல்லாருக்கும் ‘ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்’ என்று வந்தது. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது.

ஒரே வைஃபையில் இருப்பவர்கள் எல்லாரும் பொதுவாக வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். மொபைல் டேட்டாவிலும் பெரும்பாலும் இதே கதைதான்: ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் உலகம் முழுவதற்குமே சுமார் 430 கோடிதான், அதனால் பல போன்களை ஒரு முகவரிக்குள் அடைக்கிறார்கள். ஆகவே ஐபியை விடுங்கள்.

கூகுள் ஃபோர்ம் ஒன்றைத் திறந்து, செட்டிங்ஸில் ஒருவருக்கு ஒரு பதில் என்பதைப் போடுங்கள். மின்னஞ்சலை ஆட்கள் தட்டச்சு செய்ய விடாமல், உள்நுழைந்த கணக்கிலிருந்தே எடுக்கும்படி வையுங்கள். இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாமல் தட்டச்சு செய்ய விட்டால் ஒரே ஜிமெயில் முகவரியில் இடையே புள்ளி வைத்தும் கூட்டல் குறி சேர்த்தும் பத்து ஆளாக வரலாம், எல்லாக் கடிதமும் ஒரே பெட்டிக்குத்தான் போகும்.

அப்புறம் பதிவுகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டச் செய்யுங்கள், முதலில் நிற்கிற பெயருக்குச் சும்மா சில வாக்கு விழும். வாக்களித்தவர்களுக்கு முடிவுச் சுருக்கம் தெரியாதபடி மூடிவிடுங்கள்.

இனி முக்கியமானது. ஒரு வீட்டில் ஒரு போன், அதில் அம்மாவின் கணக்கு மட்டும் இருந்தால் மூன்று பிள்ளைகள் எப்படி வாக்களிப்பது? அவர்களுக்காக ஒரு நாள் சனசமூக நிலையத்தில் கடதாசி வாக்குப்பெட்டி வையுங்கள். பெயரைக் கொப்பியில் எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டு பேர் முன்னால் எண்ணுங்கள்.

பதில்களை கூகுள் ஷீட்டுடன் இணைத்தால் ஒவ்வொரு வாக்கும் வந்த நேரம் தெரியும். ஆனால் இரவு 3 மணிக்கு வாக்குக் குவிந்தால் உடனே கள்ளம் என்று சொல்லாதீர்கள். கோடை காலத்தில் ரொறன்ரோவில் அப்போது முதல் நாள் மாலை 5.30, வேலை முடிந்து வந்த மாமாவும் சித்தியும் ஊர்ப்பிள்ளைக்காகப் போட்டிருப்பார்கள். ஒரே பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட கணக்குகள் அரை நிமிடத்துக்கு ஒன்றாக வருவதுதான் சந்தேகத்துக்குரியது. எதைத் தள்ளுவீர்கள், வெளிநாட்டு வாக்குச் செல்லுமா, நடுவர் புள்ளி எத்தனை வீதம் என்பதை எல்லாம் போட்டி தொடங்குமுன்னே அறிவித்துவிடுங்கள், நடுவில் மாற்றவே கூடாது.

முடிவு சொன்ன பிறகு ஒரு கிழமை முறைப்பாட்டுக்கு விடுங்கள். கேட்கிறவருக்கு மற்றவர்களின் மின்னஞ்சலை மறைத்து எண்ணிக்கையைக் காட்டுங்கள். அந்தக் கிழமை முடிந்ததும் முகவரிகள் முழுவதையும் அழித்துவிடுங்கள்.