ஸ்காட்டிஷ் நீதிபதி வழியில் முன்னோரைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்து வேர்களைத் தேடி வருகிறவர்களில் பலர் கையில் ஏற்கெனவே ஒரு பெரிய பெயரோடு வருகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோவில், ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனில் நீதிபதியாக இருந்த யாரோ ஒருவர்: லார்ட் மான்போடோ, லார்ட் கேம்ஸ், லார்ட் பிராக்ஸ்ஃபீல்ட். சென்னை, திருச்சி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் இலங்கை மலையகத்துத் தோட்டத் துரைமார் வழி வந்த குடும்பங்களிலும் இப்படிப் பேச்சு உண்டு. "நாங்க அந்த ஜட்ஜ் வம்சம்" என்று பாட்டி சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வரைந்த கொடிவழிப் படத்தில் அப்படி இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரிசையாக ஒரே குழிகளில் விழுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. பெயரின் எழுத்துகள் பதிவுக்குப் பதிவு மாறும், சொல்லப்பட்ட வயதை அப்படியே நம்பக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீதிபதியிடமிருந்து தொடங்கிக் கீழே இறங்குவது

இந்த ஒரு தவறை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பணம், நேரம், குடும்பத்தின் உண்மையான கதை என்று மூன்றையும் சேர்த்துத் தின்றுவிடுகிற தவறு இது.

நடப்பது இதுதான். நீதிபதியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களைத் திரட்டுவார்கள். அதில் தன் எள்ளுத்தாத்தா பெயரில் ஒருவர் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். நிச்சயம் இருப்பார். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் ஆண்களுக்கு வைத்த பெயர்கள் கொஞ்சம்தான்: ஜேம்ஸ், ஜான், அலெக்சாண்டர், வில்லியம், ராபர்ட். போதாக்குறைக்கு மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்குத் தகப்பன் பெயர் என்று வைக்கும் வழக்கமும் இருந்தது. அதனால் ஒரே வட்டாரத்தில், ஒரே தலைமுறையில், ஒரே பெயரில் பலர் சாதாரணமாக இருப்பார்கள். பெயர் பொருந்திவிட்டது என்று கோடு போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான்.

லார்ட் மான்போடோவை எடுத்துக்கொள்வோம். இயற்பெயர் ஜேம்ஸ் பர்னட். 1714இல் கின்கார்டின்ஷயரில் உள்ள மான்போடோ வீட்டில் பிறந்தார். ஒரு பெரும் சொத்துக்கு வாரிசு யார், அந்தப் பையன் உண்மையில் யாருக்குப் பிறந்தவன் என்று நாடே பிளந்து நின்ற டக்ளஸ் வழக்கில் டக்ளஸ் தரப்பு வழக்கறிஞராக வாதாடிப் பெயர் பெற்றார். 1767இல் நீதிபதியானார். மொழியின் தோற்றம் பற்றி ஆறு தொகுதிகள் எழுதினார், மனிதனுக்கும் ஒராங்குட்டானுக்கும் உறவு உண்டு என்றார். 1799இல் காலமானார். இவ்வளவு சுவையான மனிதரைத் தாத்தாவாகச் சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அவருடைய பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள். மகன் ஆர்தர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டான். இளைய மகள் எலிசா எடின்பரோவே பேசிய அழகி. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அவருக்காக இரங்கற்பா எழுதினார். 1790இல் காசநோயால் திருமணமாகாமலே இறந்தார். மூத்த மகள் ஹெலன் மட்டும்தான் மிச்சம். அவர் தன் தந்தையிடம் எழுத்தராக இருந்த கிர்க்பேட்ரிக் வில்லியம்சனை மணந்தார். மருமகன் தன் பெயரோடு பர்னட் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

ஆக, மகன் வழியில் இந்த நீதிபதிக்கு வம்சமே இல்லை. "நாங்கள் பர்னட், அப்பா வழியில் நேராக மான்போடோ" என்று யார் சொன்னாலும் அது நிற்காது. அவருடைய உண்மையான வாரிசுகளுக்குப் பர்னட் பெயர் வந்ததே மகளாலும், பெயரைச் சேர்த்துக்கொண்ட மருமகனாலும்தான். சொத்துக்காகப் பெயர் மாறுவது அந்த நாட்டு நிலக்கிழார் குடும்பங்களில் சகஜம். லார்ட் கேம்ஸ் என்ற ஹென்றி ஹோமின் மனைவி அகதா டிரம்மண்டுக்கு பிளேர் டிரம்மண்ட் எஸ்டேட் வந்தது. அவர்களுடைய மகன் ஜார்ஜ் ஹோம் டிரம்மண்ட் ஆனார்.

ஒருமுறை ஒருவர் சட்டம் போட்ட கொடிவழிப் படம் ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய முன்னோர் மெட்ராஸ் ராணுவத்தில் சிப்பாயாக இருந்த ஒரு பர்னட். அதுவரை சந்தேகமில்லை, பதிவு இருந்தது. அதற்கு மேலே அந்தச் சிப்பாயை "லார்ட் மான்போடோவின் மகன் ஆர்தர்" என்று இணைத்திருந்தார்கள். குழந்தையாகவே இறந்த பையனைக் கப்பலேற்றி, மெட்ராஸில் இறக்கி, கல்யாணமும் செய்துவைத்திருக்கிறது அந்தப் படம். அவர் அதை ஒரு இணையதளத்தில் இருந்து எடுத்திருந்தார். அங்கே பத்துப் பதினைந்து பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்திருந்தார்கள். "இத்தனை பேர் ஒன்றுபோல் போட்டிருக்கிறார்களே" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஊற்று ஒன்றேதான், அதிலும் ஆதாரம் என்ற இடம் காலி.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். ஆர்தர் உயிரோடு இருந்திருந்தால் 1799இல் எஸ்டேட் யாருக்குப் போயிருக்கும்? அன்றைய ஸ்காட்டிஷ் சட்டப்படி நிலம் மூத்த மகனுக்கு. மகனே இல்லாவிட்டால்தான் மகள்களுக்கு. மான்போடோ ஹெலன் வழிக்குப் போயிற்று. மகன் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதற்குள் அவர் அந்தப் பொய்யான கிளையில் ஏகப்பட்ட பதிவு நகல்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். கின்கார்டின்ஷயர் வரை போய்வந்திருந்தார். பிறகு சிப்பாயிடமிருந்து முறையாக மேலே ஏறியபோது, அபர்டீன்ஷயர் பாரிஷ் (தேவாலய வட்டாரம்) ஒன்றில் ஒரு நெசவாளர் குடும்பம் கிடைத்தது. ஞானஸ்நானப் பதிவில் தாயின் கன்னிப்பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் இருந்தன. தறியில் உழைத்து, ஒரு மகனைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இருந்த அந்தத் தாயும் தகப்பனும்தான் அவருடைய முன்னோர். இத்தனை காலம் அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு வேறு யாரோ ஒருவரைப் பூசை செய்திருக்கிறது அந்தக் குடும்பம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, முறை என்ன? உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்குகிறது. அங்கே இறப்புப் பதிவிலேயே இறந்தவரின் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் கன்னிப்பெயரோடு இருக்கும். இங்கிலாந்துப் பதிவில் இது கிடையாது. எனவே 1855க்குப் பிறகு இறந்த ஒரு முதியவரின் பதிவு உங்களை 1780கள் வரைகூடக் கொண்டுபோகலாம். 1855ஆம் ஆண்டுப் பதிவுகளில் மட்டும் கேட்ட விவரங்கள் ரொம்ப அதிகம். அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். அந்த ஓர் ஆண்டில் முன்னோரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்காவது பிறப்போ இறப்போ உண்டா என்று தேடுவது வீண்போகாது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 1855க்கு முந்தியவை பழைய பாரிஷ் பதிவேடுகள். மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் பாரிஷில் 1553இல் தொடங்குகிறது, பல பாரிஷ்களில் மிகவும் பிந்தித்தான் தொடங்கும். இவை எல்லாம் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் கிடைக்கின்றன. அட்டவணையோடு நிறுத்தாமல், காசு போனாலும் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள்.

ஏறிக்கொண்டே போகும்போது நீதிபதி வந்தால் வரட்டும்.

'லார்ட்' என்றதும் பிரபு வம்சம் என்று நினைப்பது

கோர்ட் ஆஃப் செஷன் 1532இல் உருவானது. அதன் நீதிபதிகளுக்கு 'லார்ட்' என்பது பதவியோடு வருகிற பட்டம். பலர் தங்கள் நிலத்தின் பெயரை அதோடு சேர்த்துக்கொண்டார்கள். அது ஆயுளோடு முடிந்துவிடும், மகனுக்குப் போகாது. லார்ட் ஆகின்லெக் என்ற அலெக்சாண்டர் பாஸ்வெல்லின் மகன், எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் உலகப் புகழ் பெற்றாலும் லார்ட் ஆகவில்லை. நீதிபதிகளின் மனைவிமாருக்கு 'லேடி' என்ற பட்டமே 1905இல்தான் முறைப்படி கிடைத்தது.

தேடும்போதும் இது முக்கியம். பதிவேட்டில் மான்போடோ என்று தேடாதீர்கள், பர்னட் என்று தேடுங்கள். லார்ட் எல்கீஸ், லார்ட் பிரெஸ்டன்கிரேஞ்ச் இருவருமே கிராண்ட் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள். பட்டத்தை மட்டும் வைத்துத் தேடினால் இது தெரியவே வராது.

நிலத்தை உயிலில் தேடுவது

நீதிபதியின் உயிலில் உங்கள் முன்னோர் பெயர் இல்லை என்றதும் "ஒதுக்கிவைத்துவிட்டார்கள்" என்று கதை கட்டாதீர்கள். 1868 வரை ஸ்காட்லாந்தில் நிலத்தை உயிலில் எழுதிவைக்க முடியாது. உயிலில் வருவது பணம், தட்டுமுட்டுச் சாமான், ஆடுமாடு, கடன் பாக்கி போன்ற அசையும் சொத்து மட்டும். அதில் மனைவிக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு என்று சட்டமே ஒதுக்கிவிடும். நிலம் முழுவதும் வரப்போகிற மூத்த மகன் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்காது. உயிலை மட்டும் படித்தால் இளையவனை மூத்தவனாக எண்ணிவிடுவீர்கள்.

நில வாரிசைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. இறந்தவருக்கு இவர்தான் வாரிசு, உறவு இன்னது என்று ஜூரி முன் விசாரித்து எழுதிய வாரிசுப் பதிவுகள் உண்டு. 1847 வரை அவை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஆனால் வாசகம் ஒரே அச்சில் வருவதால் பழகிவிடலாம். அடுத்தது சசீன் பதிவேடு. 1617 முதல் நிலம் கைமாறிய விவரம் அதில் இருக்கிறது, நம் பத்திரப் பதிவு போல. நிலக்கிழார் குடும்பத்தைத் தேடிக்கொண்டு இந்த இரண்டையும் திறக்காமல் இருப்பவர் தேடவே தொடங்கவில்லை என்பேன்.

எஸ்டேட்டின் பெயரைப் பார்த்ததும் எஸ்டேட்காரர் என்று முடிவு கட்டுவது

பழைய பதிவுகளில் 'மான்போடோ' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஆஃப்' இருந்தால் நிலத்துக்குச் சொந்தக்காரர். 'இன்' இருந்தால் அங்கே குத்தகைக்கு இருந்தவர் அல்லது குடியிருந்தவர். இந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் குத்தகை விவசாயிகளை எல்லாம் நிலக்கிழார் ஆக்கிவிடுகிறார்கள்.

நம் பக்கத்துக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1835இல் பிறந்தது இதே கின்கார்டின்ஷயரில், மான்போடோவை ஒட்டிய மாஸ் பார்க் என்ற குடிலில். ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதால் அவர் நீதிபதி குடும்பத்துக்கு உறவாகிவிட மாட்டார். மலையகத்துக்கு வந்த துரைகளில் ஸ்காட்லாந்து எஸ்டேட்டில் பிறந்தவர்கள் உண்டு. எஸ்டேட்டை ஆண்ட குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பது வேறு.

ஒரே பெயரில் அடுத்தடுத்த நீதிபதிகள்

ஆர்னிஸ்டனின் டண்டாஸ் குடும்பத்தில் ராபர்ட் டண்டாஸ் என்ற பெயரில் தகப்பனும் மகனும் கோர்ட் ஆஃப் செஷனின் தலைவராக இருந்தார்கள். பேரன் ராபர்ட் டண்டாஸ் அரசுத் தலைமை வழக்கறிஞர். பிறப்பு இறப்பு ஆண்டைப் பக்கத்தில் எழுதாமல் யாரையும் படத்தில் சேர்க்காதீர்கள்.

குடும்பச் சின்னம் வாங்குவது

வாங்காதீர்கள். ஸ்காட்லாந்தில் சின்னம் ஒரு தனி ஆளுக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. 1672 சட்டப்படி அடுத்தவர் சின்னத்தைப் பயன்படுத்துவது குற்றம்.

கல்லறையில் வேறு பெயர் என்று மனைவியை விட்டுவிடுவது

திருமணத்துக்குப் பிறகும் பதிவுகளில் பெண்ணின் கன்னிப்பெயரே நின்றது. அது உங்களுக்கு லாபம்.

1783 முதல் 1794 வரை

பாரிஷில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்ட காலம். ஏழைகள் பலர் பதியவே இல்லை. அந்த ஆண்டுகளில் ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பாரிஷில் அதே பெயரில் இருக்கும் வேறொரு குழந்தையைத் தத்தெடுத்துவிடாதீர்கள். சர்ச் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் புரட்டுங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளின் தகப்பன் யார் என்று விசாரித்த விவரமும் அங்கேதான் இருக்கும்.

டி.என்.ஏ. எல்லாவற்றையும் முடித்துவிடும் என்ற நம்பிக்கை

ஒய் குரோமோசோம் சோதனை தகப்பன் வழியை மட்டும் காட்டும். பர்னட்களின் தலைமைக் குடும்பமான கிராத்ஸ் கோட்டை பர்னட் குடும்பத்தோடு உங்கள் முடிவு பொருந்தினால், என்றோ ஒரு காலத்தில் பொதுவான ஆண் முன்னோர் இருந்தார் என்று அர்த்தம். லார்ட் மான்போடோ அந்த முன்னோராக இருக்க முடியாது. அவருடைய வாரிசுகள் ஹெலன் வழி வந்தவர்கள், ஆண்வழியில் அவர்கள் வில்லியம்சன்கள்.

மெட்ராஸ் பதிவுகளைப் பார்க்காமல் நேராக எடின்பரோவுக்குப் போவது

கடல் கடந்தவரின் சொந்த பாரிஷ் எது என்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் காகிதத்தில்தான் கிடைக்கும். புனித ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி தேவாலயப் பதிவுகள் 1680 தொட்டு உள்ளன. எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் தேவாலயம் திறந்தது 1821இல்தான். அதற்கு முன் அவர்களின் ஞானஸ்நானமும் திருமணமும் ஆங்கிலிகன் பதிவுகளில் கலந்திருக்கும், அங்கேயும் தேடுங்கள். மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போயின, இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. முன்னோர் சிப்பாய் என்றால் இவற்றோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பதிவேடுகளையும் கேளுங்கள். சேர்ந்த ஆண்டு, வந்த கப்பல், பிறந்த மாவட்டம் ஆகியவை அதில் வர வாய்ப்பு அதிகம். மாவட்டம் கிடைத்துவிட்டால், ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் அந்த மாவட்டத்துப் பாரிஷ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரலாம்.