டிரா ஆட்டத்தைத் தோற்காமல் இருக்க

ஒருமுறை செஸ் போட்டியில், டிரா ஆகியிருக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றுவிட்டு எழுந்து வந்தேன். பலகையில் காய்களின் ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா கோரலாம்; அது மூன்றாம் தடவை வரப்போகிறது என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் காயை நகர்த்தி, கடிகாரத்தையும் அழுத்திவிட்டு, அப்புறம்தான் நடுவரைக் கூப்பிட்டேன். போச்சு. காயைத் தொடுவதற்கு முன்பே, ஆடப்போகும் நகர்வைத் தாளில் எழுதிவிட்டு நடுவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எதிராளி வேறு நகர்வுக்குப் போய்விட்டார், நான் பதற்றத்தில் ஒரு சிப்பாயைக் கோட்டைவிட்டேன், மீதி உங்களுக்கே தெரியும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நகர்வுகள் திரும்ப வந்தால் போதாது, நிலை திரும்ப வர வேண்டும்: அதே காய்கள், அதே கட்டங்கள், ஆட வேண்டியதும் அதே ஆள். மூன்று தடவையும் அடுத்தடுத்து வர வேண்டிய அவசியமில்லை. தப்பாகக் கோரினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகப் போகும். ஐந்தாம் தடவை வந்தால் யாரும் கேட்காமலே டிராதான், ஆனால் அதுவரை யார் பொறுத்திருக்கப் போகிறார்கள்?

எதிராளியிடம் டிரா கேட்பதிலும் வரிசை இருக்கிறது. நகர்த்து, கேள், அப்புறம் கடிகாரத்தை அழுத்து. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் செல்லும் என்றாலும், அது தொந்தரவு என்று அவர் புகார் சொல்ல இடமுண்டு. எதிராளியின் ரேட்டிங்கை, அதாவது ஆட்டத் திறமைக்கான புள்ளியை, பார்த்து மயங்கி, நன்றாக இருக்கும் நிலையில் டிராவுக்குத் தலையாட்டுவது என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு. அவர் ஏன் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்களேன்.

நேரம் முடிந்ததும் அவசரப்பட்டுக் கைகொடுத்துவிடாதீர்கள். எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் மிச்சம் என்றால், உங்கள் நேரம் முடிந்தாலும் அது தோல்வி இல்லை, டிரா.

கடைசிக்கட்டத்தில் பலர் கோட்டைவிடுவது ஒரு சிப்பாய் குறைந்ததுமே மனசு விட்டுப்போவதால்தான். எதிராளியிடம் ஓரச் சிப்பாயும், அது ராணியாகும் கட்டத்தின் நிறத்தில் ஓடாத பிஷப்பும் (ஒரே நிறக் கட்டங்களில் மட்டும் குறுக்காக ஓடும் காய்) மட்டும் இருந்தால், உங்கள் ராஜா அந்த மூலையைப் பிடித்துவிட்டால் போதும், அவரால் ஜெயிக்கவே முடியாது. இதே கணக்கு தெரியாமல், ஜெயிக்கும் நிலையில் இருப்பவர் கடைசிக் குதிரையையும் கடைசி யானையையும் மாற்றிக்கொண்டு, மிஞ்சிய பிஷப் தப்பான நிறம் என்பதை அப்புறம் கண்டுபிடித்து விழிப்பதையும் பார்த்திருக்கிறேன்.