நெடுஞ்சாலை நம் ஊரை மாற்றிய வரலாற்றைத் திரட்டும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுவோர், சாலை வந்ததால் ஊர் வளர்ந்தது என்ற முடிவோடு தொடங்காமல், சாலை வந்தபின் வணிகமும் நீரும் எங்கிருந்து எங்கே நகர்ந்தன என்று தேடுவது நல்லது.

முதலில் பாதைகளைக் கால வரிசைப்படுத்துங்கள். பாம்பனில் இரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. சாலைப் பாலமோ 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. ஆகவே இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துப் பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்பதைவிட, "ரோட்டுப் பாலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பதே பலன் தரும்.

அடுத்து, பழைய கடைவீதியில் நடந்து, எந்தக் கடை எப்போது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மாறியது என்று விசாரியுங்கள். மீன் இறங்குதளத்தில், ஐஸ் லாரி வரத் தொடங்கியபின் கருவாட்டுக்குப் போகும் மீன் குறைந்ததா என்று கேளுங்கள். கீழக்கரை போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் சம்பாதித்த பணம் கட்டிய மாடிகளையும் சாலையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பலரும் கவனிக்கத் தவறுவது கண்மாய்களை, அதாவது ஊர் ஏரிகளைத்தான். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (புல எண் வாரியான நிலப் பதிவேடு) கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) சாலையைக் கடக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஐப்பசி மழை பெய்த மறுநாள் அங்கே நேரில் செல்லுங்கள். சாலைக்கு அடியில் போட்ட குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தாலும் போதும், கண்மாய்க்குப் போகவேண்டிய நீர் சாலையோரப் பள்ளத்திலேயே தேங்கிவிடும். அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுங்கள். வாய்மொழியைவிட இது உறுதியான சான்று.

பனங்காடு மனைகளாகப் பிரிந்த வரலாற்றுக்கு, சாலையோரப் புல எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, சாலைப் பணிக்கு முன்னும் பின்னும் நடந்த விற்பனைகளை ஒப்பிடுங்கள்.

இழந்தவர்களையும் தேடிச் செல்லுங்கள். அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை திறக்கப்படும்வரை, தனுஷ்கோடி மணலில் சுற்றுலாப் பயணிகளை வேனில் ஏற்றிச் சென்றவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. அந்த ஓட்டுநர்களின் கூற்றையும், சாலையோரத்தில் புதிதாகக் கடை போட்டவர்களின் கூற்றையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். பத்திரங்களில் காணும் விற்றவர், வாங்கியவர் பெயர்களை வெளியிடாதீர்கள்; புல எண்ணும் ஆண்டும் போதும்.