ஆற்றல் கணக்கில் நாம் தவறும் இடங்கள்

மின்கட்டணம் உயரும்போதும், புதிதாக ஓர் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்ற செய்தி வரும்போதும், மொட்டைமாடியில் சோலார் போடலாமா என்று வீட்டில் பேச்சு எழும்போதும் சில தவறுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. படித்தவர்கள் பேச்சிலும் வரும், செய்தித் தலைப்பிலும் வரும். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். சுவிட்சையும் விளக்கையும் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் சுரங்கத்தையும் ஆற்றையும் சாம்பல் குளத்தையும் பார்ப்பதில்லை.

வாட் வேறு, யூனிட் வேறு

இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் மேலே போக முடியாது. குழாயில் தண்ணீர் வரும் வேகம் வாட் என்றால், குடத்தில் சேர்ந்த தண்ணீர் யூனிட். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பள்ளிப் பாடத்தின் கணக்கில் அது 36 லட்சம் ஜூல்.

இது புரியாததால்தான் வீடுகளில் செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்கச் சொல்லிச் சண்டை நடக்கிறது. ஒரு செல்போனை ஆண்டு முழுக்கத் தினமும் சார்ஜ் செய்தாலும் 10 யூனிட்டைத் தாண்டுவது அரிது. 2000 வாட் கீசரை தினமும் அரை மணி நேரம் போட்டால் அந்த 10 யூனிட் பத்தே நாளில் தீர்ந்துவிடும். சார்ஜரைப் பிடுங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் மின்கட்டணம் குறைய வேண்டுமென்றால் சூடாக்கும், குளிர்விக்கும் கருவிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் அதன் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில், புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. கோடையில் நாளெல்லாம் சுற்றும் வீட்டில் இது பெரிய வித்தியாசம்.

இதே குழப்பம் மாநில அளவிலும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். "ஓர் அனல்மின் நிலைய அலகுக்குச் சமம்" என்று உடனே எழுதிவிடுகிறார்கள். இரவில் சூரியன் இல்லை, காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வு, நடுவில் மேகம். நம் ஊரில் சூரியத் தகடு ஓர் ஆண்டில் தருவது முழுத் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதாவது கமுதியிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 30 லட்சம் யூனிட் எதிர்பார்க்கலாம். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அணு உலை ஒன்று முழுத் திறனில் ஓடினால் ஒரே நாளில் 2 கோடியே 40 லட்சம் யூனிட் தரும். சூரிய மின்சாரம் உதவாது என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மெகாவாட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், யூனிட்டைக் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

நேரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் கொட்டித் தீர்க்கும், மற்ற மாதங்களில் அடங்கிவிடும். சூரியத் தகடு நண்பகலில் உச்சத்தில் இருக்கும்; நாம் விளக்கும் ஏசியும் போடுவதோ இரவு ஏழு மணிக்குமேல்.

மின்சாரம் எங்கிருந்தோ வருகிறது

மின்சாரம் நிலக்கரியைப் போலத் தோண்டி எடுக்கும் வளம் இல்லை. வேறு ஓர் ஆற்றலை மாற்றித்தான் அதைப் பெறுகிறோம். நிலக்கரியில் வேதி ஆற்றல், எரித்தால் வெப்பம், வெப்பம் நீரை ஆவியாக்கும், ஆவி சுழலியைச் சுற்றும், சுழலி மின்னாக்கியைச் சுற்றும். இத்தனை படி இறங்கி வருவதற்குள் நிலக்கரியில் இருந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மின்சாரமாகக் கிடைக்கிறது. மீதி வெப்பமாகக் காற்றுக்கும் கடலுக்கும் போகிறது. ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோம். அந்த மீதி வெப்பம் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

மின்சார ஸ்கூட்டர் பற்றிய விவாதம் இங்கேதான் தடம் மாறுகிறது. ஒரு பக்கம், "புகையே இல்லை, முழுக்கச் சுத்தம்" என்கிறார்கள். மறுபக்கம், "மின்சாரமே நிலக்கரியில்தான் வருகிறது, ஆகவே பெட்ரோலும் அதுவும் ஒன்றுதான்" என்கிறார்கள். இரண்டும் தவறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் கிலோமீட்டருக்கு 50 கிராம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 23 கிராம். பாதிக்கும் கீழே. பேட்டரி செய்வதில் வரும் கார்பனும், லித்தியத்தையும் கோபால்ட்டையும் தோண்டும் ஊர்களின் துயரமும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைத் தனியாகச் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

புகையை மட்டும் பார்ப்பது

நெய்வேலியிலோ மேட்டூரிலோ வளைந்த இடுப்புள்ள பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளையாக மேகம்போல் எழுவதைப் படமெடுத்து "மாசு" என்று போடுகிறார்கள். அவை குளிர்விப்புக் கோபுரங்கள். வெளியே வருவது பெரும்பாலும் நீராவி. உயரமான ஒல்லிப் புகைபோக்கியிலிருந்து வருவதுதான் கவலைக்குரியது. அதிலும் கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. கந்தகத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2015இல் விதி கொண்டுவந்தது. அதற்கான கெடுவோ திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டது.

காற்றில் போவது ஒரு பகுதிதான். நிலத்துக்கும் நீருக்கும் போவதை நாம் இன்னும் குறைவாகப் பேசுகிறோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இந்திய நிலக்கரி ஏறத்தாழ 700 கிராம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல். ஆக ஒரு யூனிட்டுக்கு 200 கிராமுக்கு மேல் சாம்பல் மிஞ்சுகிறது. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டின் மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்தே வந்தால், அந்த வீட்டின் பெயரில் 60 கிலோவுக்கு மேல் சாம்பல் எங்கோ ஓரிடத்தில் சேர்கிறது.

அந்த ஓரிடங்களில் ஒன்று எண்ணூர். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்களில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் குழாய்கள் கசிந்தும் உடைந்தும் அந்தக் குழம்பு பல ஆண்டுகளாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்திருக்கிறது. சாம்பல் படிந்து கழிமுகத்தின் ஆழம் குறைகிறது, படகு தட்டுகிறது, இறால் படுவது குறைகிறது. சாம்பலில் பாதரசம், ஆர்சனிக், ஈயம் போன்றவை சிறிய அளவில் இருக்கும். நாளாக நாளாக அவை சேற்றில் சேர்ந்துகொண்டே போகும். சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கம் மக்களுக்குக் காற்றடிக்கும் காலத்தில் வீட்டுக்குள்ளும் சாம்பல்தான். மின்சாரத்தின் விலை என்று நம் ரசீதில் வருவதில் இவர்கள் கொடுக்கும் விலை சேர்வதில்லை. இதை ஒதுக்கிவைத்துவிட்டு "நிலக்கரிதான் மலிவு" என்று சொல்வதைப் பெரிய அநியாயமாகத்தான் நினைக்கிறேன்.

நெய்வேலியில் பிரச்சினையின் முகம் வேறு. அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எரிக்க வேண்டும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் பொங்கி நீர் உள்ளே புகுந்துவிடும். ஆகவே இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் கிணறு இறங்குவது பற்றிய புகார் இன்று நேற்று வந்ததில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கான பரவனாற்றுக் கால்வாய்க்காகப் பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. எரிபொருள் விவாதத்தில் நீரும் வயலும் சேர்த்தி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"பசுமை" என்றால் பாதிப்பே இல்லை என நினைப்பது

தீர்ந்துபோகாத வளம் என்பது ஒன்று, சுற்றுச்சூழலைத் தொடாத வளம் என்பது வேறு. நீர்மின்சாரம் புகையில்லாதது. ஆனால் குந்தா திட்டத்தின் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகளின் நீருக்கு அடியில் நீலகிரியின் புல்வெளியும் சோலையும் கிடக்கின்றன. காற்றாலை, சூரிய மின் நிலையங்களிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பிகளில் மோதி ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில்கள் என்ற அரிய பெரும் பறவைகள் சாகின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கமுதி நிலையத்துக்குத் தேவைப்பட்டது சுமார் 2500 ஏக்கர். பழைய சூரியத் தகடுகளை என்ன செய்வது என்ற கேள்வியும் வந்துவிட்டது. 2022இன் மின்னணுக் கழிவு விதிகளில் அவற்றையும் சேர்த்திருக்கிறார்கள்.

விறகும் இப்படித்தான். மரம் மறுபடி வளரும் என்பது உண்மை. ஆனால் அடுப்படிப் புகை? வீட்டுக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய் எரிப்பதால் வரும் காற்று மாசுக்கு 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் பலியானதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பெரும் பங்கு பெண்களும் குழந்தைகளும்.

அப்புறம் இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "எல்லாவற்றிலும் பாதிப்பு இருக்கிறது, ஆகவே எல்லாம் ஒன்றுதான்" என்று கைகழுவுவது. ஒன்றில்லை. கட்டுவது, ஓட்டுவது, கழிப்பது எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்று ஐநாவின் காலநிலைக் குழு 2014இல் கொடுத்த நடு மதிப்பீடுகளைப் பாருங்கள். நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490, கூரை மேல் சூரியத் தகடு 41, அணுசக்தி 12, நிலத்தில் நிற்கும் காற்றாலை 11. இருபது மடங்கு வித்தியாசத்தை "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அணுசக்தியைப் பொறுத்தவரை கார்பன் குறைவு என்பதும், எரிந்து முடிந்த எரிபொருளை மிக நீண்ட காலம் காக்க வேண்டும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. கூடங்குளம் பற்றி வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் இதில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறார்கள்.

மொட்டைமாடி சோலாரில் நடக்கும் தவறு

2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்றதும் பலர் விசாரிக்கிறார்கள், நல்லது. ஆனால் "இனிமேல் கரண்ட் போனாலும் கவலையில்லை" என்று நினைத்துப் போடாதீர்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பில், வெளியே மின்சாரம் போனதும், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விசிறி சுற்றாது. பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், செலவு கூடும்.

3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும், வெயிலுள்ள நாளில். விற்பவர் இதைவிட நிறையச் சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு தகட்டின் மேல் விழுந்தாலும், தொடராக இணைத்த மற்ற தகடுகளின் உற்பத்தியும் சேர்ந்து குறையும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.