பட ஆய்வு மென்பொருளைத் தொலைவிலிருந்து பயன்படுத்தத் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணோக்கிக் கூடத்தில் எடுத்த படங்களை ஆய்வு மாணவர்கள் வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ ஃபிஜி, செல்புரோஃபைலர் போன்ற மென்பொருள்களில் ஆராய வழிசெய்யும் பொறுப்பு, பெரும்பாலும் அக்கூடத்தின் ஊழியர் ஒருவரின் தலையில் விழுகிறது. புதிதாக அப்பொறுப்பை ஏற்பவர்கள், அவர்களுக்கு முன்னிருந்தவர்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் விழுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கடவுச்சொல்லைப் பகிராதீர்கள் என்பது போல எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

தரவு ஓரிடம், மென்பொருள் வேறிடம்

அதிக இழப்பைத் தருவதும், இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். விலை உயர்ந்த சர்வரை வாங்கி, மென்பொருளை நிறுவி, சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பையும் கொடுத்துவிட்டு, படங்களை மட்டும் பயனரின் மடிக்கணினியிலேயே விட்டுவிடுகிறார்கள். 2048 × 2048 புள்ளிகள் கொண்ட 16 பிட் படம் ஒன்று ஏறத்தாழ 8.4 மெகாபைட் இருக்கும். 500 அடுக்குகள், 2 நிறங்கள், 60 காலப்புள்ளிகள் என ஒரு லைட் ஷீட் (மெல்லிய ஒளித் தகட்டால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் நுண்ணோக்கி) சோதனையைக் கணக்கிட்டால் 500 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினாலும் அதை ஏற்றி முடிக்க 11 மணி நேரத்துக்கு மேலாகும்.

ஒரு மாணவி தம் மடிக்கணினியின் வட்டை ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சர்வரோடு இணைத்து, அங்கிருந்தே கோப்பைத் திறக்க முயன்றார். ஃபிஜி அசையாமல் நின்றது. கோப்பு பெரிதாக இருப்பதுதான் சிக்கல் என்று கருதிய அவர், படங்களை எல்லாம் 8 பிட்டாக மாற்றிச் சர்வரில் ஏற்றிவிட்டார். 65,536 ஒளிர்வு நிலைகள் 256 ஆகச் சுருங்கியது ஒருபுறமிருக்க, ஃபிஜி இயல்புநிலையில் அந்த மாற்றத்தைச் செய்யும்போது, திரையில் அப்போது அமைந்திருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளையே 0 என்றும் 255 என்றும் கொள்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் எல்லை வேறாக இருந்ததால், மருந்திட்ட செல்லுக்கும் மருந்திடாத செல்லுக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு பொருளற்றுப் போய், அளவீடுகள் அனைத்தையும் மூலக் கோப்புகளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இதில் மாணவியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தரவுக்கு வழிசெய்யாமல் இணைப்பை மட்டும் கொடுத்தவர்களே இதற்குப் பொறுப்பு.

படங்கள் நுண்ணோக்கியிலிருந்து நேராகச் சர்வரை ஒட்டிய சேமிப்பகத்துக்கு வந்து சேர வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கு ஓமீரோ போன்ற படச் சேமிப்பு அமைப்பு போதும். அது திரைக்குத் தேவையான பகுதியை மட்டுமே அனுப்புகிறது.

நினைவகத்துக்கு வரம்பு வைக்காமை

ஃபிஜி வழக்கமாகக் கணினியின் நினைவகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குவரை தனக்கென எடுத்துக்கொள்ள முற்படும். தனி மேசைக் கணினியில் அது சரி. பொதுச் சர்வரில் இருவர் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளைத் திறந்தாலே எல்லோருடைய வேலையும் முடங்கும் என்பதால், ஒவ்வொரு பயனருக்கும் உச்சவரம்பை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும்.

சன்னலை மூடினால் வெளியேறியதாக நினைப்பது

இணைப்புத்தான் அறும், மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும்; கட்டண மென்பொருளானால் லைசென்ஸையும் பிடித்து வைத்திருக்கும்.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 எண் துறையை (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவிடுவது

கூடவே கூடாது, விபிஎன் என்னும் மறையாக்கிய தனி இணைப்பு வழியாக மட்டும்.

திரையை நம்பி முடிவெடுப்பது

இணைப்பு மெதுவாக இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் திரைப் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. மங்கலான விளிம்புகள் அதில் கரைந்துவிடக்கூடும். ஆகவே செல்லையும் பின்னணியையும் பிரிக்கும் ஒளிர்வு எல்லையான திரெஷோல்டைக் கண்ணால் பார்த்து நகர்த்தாமல், அதைத் தானாகக் கணக்கிடும் ஓட்சு போன்ற ஒரு முறையைத் தேர்ந்து, அதை எல்லாப் படங்களுக்கும் ஒரே மேக்ரோவில் (கட்டளைத் தொகுப்பில்) ஓட்டும்படி பயனர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.