பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியும் ஹோட்டன் சமவெளிக் காடும்

வெளிநாட்டில் இருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கும் நம்மவர்கள் பலர், இலங்கை மலைநாட்டின் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று எண்ணி அதிகாலையில் வான் பிடிக்கிறார்கள். கொழும்பில் இருந்து நுவரெலியா ஏறத்தாழ 160 கிலோமீட்டர்; அங்கிருந்து மேலும் 30 கிலோமீட்டர் மலைப்பாதை. முற்பகல் 10 மணிக்குள் மூடுபனி ஏறத் தொடங்கிவிடும் என்பதால், முதல் நாள் மாலையே நுவரெலியாவில் தங்கி, காலை 6 மணியளவில் நுழைவாயிலை அடைவதே சரியான ஏற்பாடு. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் உறைபனியும் விழும் என்பதால் குளிராடை கட்டாயம்.

ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துவிட்டுப் பலர் களைத்துத் திரும்புவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். அதே பாதையில்தான், பெலிஹுல் ஓயா என்ற ஓடை 20 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி இருக்கிறது. பிரித்தானியப் பயணி சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இறங்கும் பாதை செங்குத்தானது, ஈரத்தில் வழுக்கும். குளிக்க அனுமதி இல்லை.

அருவியைச் சுற்றியுள்ள காட்டில் மெதுவாக நடந்து பாருங்கள். குட்டையான மரங்களில் பாசி அடர்ந்திருக்கும். அவை மூடுபனியின் ஈரத்தைப் பிடித்து மண்ணில் இறக்குவதாலும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டுநிலம் நீர் தருகிறது. அடர்ந்த உரோமம் கொண்ட ஊதாமுக மந்திகளின் குரல் கேட்கும். மரக்கிளையில் அசையாமல் இருக்கும் ஓணானின் மூக்கில் கொம்பு தெரிந்தால், அது இலங்கையின் மலைநாட்டில் மட்டுமே வாழும் இனம். அழிந்துவிட்டதாகப் பல பத்தாண்டுகள் கருதப்பட்டு, 2009 இல் முதன்முறையாகப் படம் பிடிக்கப்பட்ட ஒரு வகைத் தேவாங்கும் இந்தக் காட்டைச் சேர்ந்ததே. அது இரவில் நடமாடுவதால் பகலில் செல்வோர் கண்ணில் படாது.

மரைகள் எனப்படும் பெரிய மான்கள் வாகனத் தரிப்பிடம் வரை பயமின்றி வரும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் பிஸ்கட் கொடுக்க விடாதீர்கள். மனிதர் கொடுக்கும் உணவுக்குப் பழகிய மரை பொலித்தீன் உறையையும் சேர்த்து விழுங்கி நோயுறும். நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுவார்கள் என்பதால், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் பல மடங்கு அதிகம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைத் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.